இருபத்திரண்டு கனமீட்டர்

என் மச்சானுக்கு ஊதுவதுதான் பிழைப்பு. எங்கள் பேண்டு செட்டில் அவர் டிரம்பெட், நான் பெரிய டிரம். கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளி விளையாட்டு விழா, சாவு, எதுவானாலும் அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு முன்னால் போவார். நான் வயிற்றில் டிரம்மைக் கட்டிக்கொண்டு பின்னால் போவேன். என் தங்கையைக் கட்டியவர் என்பதால் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது என் கடமை. ஆனால் இந்த விவகாரத்தில் அவர் செய்த ஒரே குற்றம் மூச்சு வாங்கியதுதான். அதற்கு யாரும் நற்சான்று கேட்பதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அணுமின் நிலையத்தின் உயரமான புகைபோக்கி மச்சான் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பளிச்சென்று தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால், காற்றுவழி வெளியீட்டுக் கண்காணிப்பு ஆணையத்திலிருந்து நாலு பேர் வந்து அந்த மாடியில் ஒரு பெட்டியை வைத்தார்கள். கையெழுத்து கேட்டார்கள், மச்சான் போட்டார். பெட்டி ஓயாமல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு காற்றை உறிஞ்சும். உள்ளே வட்டமாக ஒரு ஃபில்டர் தாள், அதற்குப் பின்னால் ஒரு கரி டப்பா. கதிரியக்கத் தூசு வந்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும், தைராய்டில் போய்ச் சேரும் அயோடின் வந்தால் கரியில் மாட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை தோறும் ஆணையத்து ஊழியர் ஒருவர், நாங்கள் பெட்டிக்காரர் என்று கூப்பிடுபவர், ஸ்கூட்டரில் வந்து இரண்டையும் மாற்றிக்கொண்டு போவார். பெட்டியின் முனகல் டிரம்பெட்டோடு சேராமல் அரை சுருதி தள்ளி நிற்கிறது என்பதைத் தவிர மச்சானுக்கு அதன்மேல் எந்தப் புகாரும் இல்லை.

பெட்டியின் நெற்றியில் ஒரு விளக்கு உண்டு. பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பச்சை: இயல்பு நிலை. மஞ்சள்: தொடர்புகொள்ளவும். சிவப்பு: தொடர்புகொள்ள வேண்டாம், நாங்களே தொடர்புகொள்வோம்.' மூன்று வருடமும் பச்சைதான் எரிந்தது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நானும் பாப்பாவும் மாடியில் இருந்தோம். பாப்பா என் தங்கை மகள், நாலரை வயது. "மாமா, பெட்டிக்குக் கண்ணு மஞ்சளாயிடுச்சு," என்றாள். எட்டிப் பார்த்தேன். ஆகித்தான் இருந்தது.

நான் கீழே போய்ச் சொன்ன அடுத்த நிமிடம் என் தங்கை மாடிக்கு ஓடிவந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டிலிருந்த எல்லா ஜன்னலையும் சாத்தினாள். பிறகு மச்சானிடம் வந்து நின்றாள்.

"என்னங்க, போன் போட்டுக் கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம். பாப்பா வெளிய விளையாடலாமா, கூடாதா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

கேள்வி அவ்வளவுதான். இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

மச்சான் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தார்.

"மேடம், எங்க வீட்டுப் பெட்டியில மஞ்சள் எரியுது."

"எத்தனை நாளா எரியுது சார்?"

"ஒரு மணி நேரமா."

"எங்க படிவத்துல நாள் கணக்குல எழுதத்தான் இடம் இருக்கு. நாளைக்கு வரைக்கும் எரியட்டும், ஒரு நாள்னு எழுதிக்கலாம்."

மறுநாள் வரைக்கும் எரிந்தது. மச்சான் மறுபடி கூப்பிட்டார்.

"தொடர்புகொண்டதுக்கு நன்றி சார்," என்றார் அந்தப் பெண்.

"அடுத்து நாங்க என்ன செய்யணும்?"

"மஞ்சள் எரிஞ்சா தொடர்புகொள்ளணும். நீங்க தொடர்புகொண்டாச்சு. நடைமுறை முடிஞ்சுது."

"விளக்கு இன்னும் எரியுதே மேடம்."

"அப்ப இன்னொரு தடவை தொடர்புகொள்ளலாம். தடையில்ல."

மச்சான் பொறுமைசாலி. கல்யாண வீட்டில் சாப்பாடு போட மறந்துவிட்டாலும் அடுத்த பாட்டை ஊதுகிறவர். அவர் நிதானமாகத் தங்கையின் கேள்வியைக் கேட்டார். விளையாட்டு தங்கள் பிரிவில் வராது, நேரில் வாருங்கள் என்று பதில் வந்தது. துணைக்கு நானும் போனேன்.

ஆணையத்தின் கட்டடம் நிலையத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருமோ அந்தப் பக்கத்தில் இருந்தது. ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. அறைக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கணக்கதிகாரி என்று ஒருவர், ஒல்லியாக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் பெரிய வரைபடம். நடுவில் நிலையம், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு, வட்டத்தைக் கேக் மாதிரி பதினாறு கூறாக வெட்டியிருந்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றார். "நிலையத்துல உயரமா நிக்கறதைப் புகைபோக்கின்னு சொல்லாதீங்க. அதுல புகை வராது. வெளியேற்றத் தூண்."

"சரிங்க. அந்தத் தூண்லருந்து இப்ப என்ன வருது?" என்று மச்சான் கேட்டார்.

"எது வந்தாலும் வரம்புக்குள்ளதான் வருது."

"அது எப்படித் தெரியும்?"

"வரம்புக்குள்ள வர்றதுக்கு மட்டும்தானே அனுமதி குடுத்திருக்கோம்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுத்திகரிப்பானைப் பார்த்தேன்.

"வரம்பை யாரை வெச்சுப் போடறோம் தெரியுமா?" கணக்கதிகாரியின் குரல் தணிந்தது. "சான்று மனிதரை வெச்சு."

"யாருங்க அவரு?"

"நிஜ ஆள் இல்ல. கணக்குக்காக நாங்களே உண்டாக்கின ஆள். காத்து எந்தத் திசையில அதிகமா அடிக்குதோ அங்க, தூணுக்கு ரொம்பப் பக்கத்துல குடியிருக்கார். தன் தோட்டத்துக் கீரையைத்தான் சாப்பிடுவார். பக்கத்துல மேயற மாட்டுப் பாலைத்தான் குடிப்பார், தினமும் முக்கால் லிட்டர். எட்டு மணி நேரம் வெளியிலயே நிப்பார். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கனமீட்டர் காத்து சுவாசிப்பார். வெளியூர் போக மாட்டார், உறவுக்காரங்க வீட்டுக்குக்கூடப் போக மாட்டார். இந்த மாதிரி பாவப்பட்ட ஜென்மம் எங்கயும் இருக்க முடியாது. அவருக்கே ஒண்ணும் ஆகலன்னா, நிஜமான ஆளுங்க யாருக்கு என்ன ஆகிடப் போகுது? எல்லார் பாரத்தையும் அவர் ஒருத்தரே சுமக்கறார் சார்."

சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கே அந்த மனிதர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"அவரு எங்க குடியிருக்காரு?" என்றார் மச்சான்.

கணக்கதிகாரி வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியில் விரல் வைத்தார். "பதினோராவது கூறு, தூண்லருந்து ஆயிரத்து அறுநூறு மீட்டர்."

மச்சான் குனிந்தார். "வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி."

"ஆமா."

"அது எங்க வீடுங்க."

கணக்கதிகாரி சிரித்தார். "இருக்க முடியாது. அங்க யாரும் இல்ல. யாரும் இருக்க மாட்டாங்கன்னுதான் அவரை அங்க வெச்சோம்."

"மாடியில பெட்டி வெச்சிருக்கீங்களே? என் கையெழுத்து வாங்கினீங்களே?"

ஃபைல் வந்தது. மச்சானின் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே அழகான எழுத்தில் 'சான்று மனிதர் சார்பாக' என்று எழுதியிருந்தது. கணக்கதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், எழுந்து வந்து மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பத்தொன்பது வருஷமா உங்க தைராய்டுக்குக் கணக்குப் போட்டுட்டு இருக்கேன் சார்."

செய்தி பரவி, அந்தத் தளத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார். நினைத்ததைவிடக் குள்ளம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சான்று மனிதர் எழுபது கிலோ இருக்க வேண்டுமாம். தபால் பிரிவிலிருந்து பார்சல் எடை பார்க்கும் தராசைக் கொண்டுவந்து மச்சானை அதில் ஏற்றினார்கள். அறுபத்து மூன்றுதான் இருந்தார். எல்லார் முகமும் வாடிப்போயிற்று.

"பால் எவ்வளவு குடிப்பீங்க?" என்றார் கணக்கதிகாரி.

"பால் ஒத்துக்காதுங்க. கறுப்பு டீதான்."

"கீரை?"

"பாப்பா அம்மா செஞ்சா சாப்பிடுவேன். ஐயா, பாப்பான்னதும்தான் கேக்கறேன். அவ முற்றத்துல விளையாடலாமா?"

"என்ன வயசு?"

"நாலரை."

கணக்கதிகாரி ஒரு அட்டவணையை எடுத்தார். அதில் ஒரு வயது, பத்து வயது, பெரியவர் என்று மூன்று கட்டம்தான் இருந்தது.

"நாலரை எங்ககிட்ட இல்ல. பத்து ஆகற வரைக்கும் ஒரு வயசுன்னே வெச்சுக்கறோம். அதுதான் பாதுகாப்பான பக்கம்."

"சரிங்க. அப்ப விளையாடலாமா?"

"ஒரு வயசுக் குழந்தை முற்றத்துல எப்படி சார் ஓடும்?"

"என் பொண்ணு நல்லா ஓடுவாளே."

"அட்டவணைப்படி தவழணும்." அவர் குரலில் லேசான கண்டிப்பு இருந்தது. பிறகு பேனாவைத் திறந்து, "தொழில்?" என்றார்.

"டிரம்பெட் ஊதறேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ஊதறதுன்னா," என்று யோசித்தார். "அதுக்கு முன்னாடி நல்லா இழுக்கணுமே?"

அங்கேதான் எங்களுக்கு வினை பிடித்தது.

மறு திங்கட்கிழமை பெட்டிக்காரர் வந்தபோது தாளும் கரியும் மட்டும் கொண்டுவரவில்லை. மார்பில் கட்டும் ஒரு பட்டையும், கையில் அமுக்கி எண்ணும் ஒரு சின்ன இயந்திரமும் கொண்டுவந்தார். மச்சான் ஒரு நாளைக்கு எவ்வளவு மூச்சு வாங்குகிறார் என்று ஏழு நாள் எண்ண உத்தரவாம். மச்சான் எங்கே போனாலும் அவர் பின்னாலேயே நடந்தார். ஒரு மூச்சுக்கு ஒரு 'டிக்'. ஒரு சாவு ஊர்வலத்தில் மச்சான் ஊதிக்கொண்டு போக, அவர் டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டு போக, நான் பின்னால் தாளம் தவறவிட்டேன். இறந்தவரின் மகன் என்னை முறைத்தான்.

பெட்டிக்காரர் கெட்டவர் இல்லை. மூன்றாம் நாள் தங்கை டீ கொடுத்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, நெசமாச் சொல்லுங்க. மஞ்சள் எரிஞ்சா என்ன அர்த்தம்?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "காத்துல அளவு கூடியிருந்தா எரியும்மா. இல்லன்னா பெட்டி அளக்கறதை நிறுத்திட்டாலும் எரியும்."

"ரெண்டுல எதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ரெண்டுக்கும் தனித்தனி விளக்கு வெக்கணும்னு எழுதினேன். பெட்டி செஞ்சப்ப ஒண்ணு விட்டுப்போச்சு. மீதி இருந்த ஒண்ணுலயே ரெண்டையும் சேத்துட்டாங்க."

"நீங்க மாத்தற தாளைப் பாத்தா தெரியாதா?"

"அது ஆய்வுக்கூடத்துக்குப் போகுதும்மா. அங்க வருஷம் பூரா சேத்து வெச்சு சராசரி எடுப்பாங்க."

தங்கை டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாப்பா தன் மூன்று சக்கர சைக்கிளில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பதினாறு சுற்றுக்கு ஒரு முறை ஜன்னல் பக்கம் நிறுத்தி, கண்ணாடியில் மூக்கை வைத்து முற்றத்தைப் பார்ப்பாள். சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தங்கை அழுதாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. எதிரில் இருந்தவர் பெட்டிக்காரர் மட்டும்தான். அவரோ தங்கையின் அழுகையைக் கேட்டு, எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பாப்பாவை என் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னேன். இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் வரைபடத்தில் பத்தாவது கூறு. அங்கே பெட்டி கிடையாது, அதனால் மஞ்சளும் கிடையாது. "பெட்டியே இல்லாத இடத்தை எப்படிண்ணே நம்பறது?" என்றாள் தங்கை. அவள் சொன்னதும் சரிதான்.

ஏழாம் நாள் கணக்கு முடிந்தது. மச்சான் ஒரு நாளைக்கு முப்பத்தொரு கனமீட்டர் காற்று உள்ளிழுக்கிறார். அனுமதிக்கப்பட்டதைவிட ஒன்பது கனமீட்டர் அதிகமாக ஏன் சுவாசித்தீர்கள் என்று விளக்கம் கேட்டு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இயக்குநர் முன்னிலையில் விசாரணை.

இயக்குநர் நல்ல நிறம், நல்ல குரல். நாற்காலியில் அமரும்போதே யாரோ கைதட்டுவார்கள் என்று எதிர்பார்ப்பவர்போல ஒரு கணம் காத்திருந்தார். கணக்கதிகாரி தட்டினார்.

"இந்த ஆணையத்தோட முப்பது வருஷ வரலாற்றுல, வரம்பு ஒரு தடவைகூட மீறப்பட்டதில்ல," என்று ஆரம்பித்தார். "ரெண்டு தடவை மீறப்படற மாதிரி இருந்துச்சு. உடனே வரம்பைத் திருத்தினோம். அந்த அளவுக்கு விழிப்பா இருக்கோம். நிலையத்துல என்ன வெளிய வருதுன்னு அவங்களே அளக்கறாங்க, அவங்களே எழுதறாங்க, அவங்களே அனுப்பறாங்க. இதுவரைக்கும் ஒரு பிழை கண்டுபிடிச்சதில்ல. பிழை இருந்தா அவங்களே திருத்திட்டுத்தானே அனுப்புவாங்க? அப்படி ஒரு நம்பிக்கை. இத்தனை வருஷமா கட்டிக் காப்பாத்தின நம்பிக்கையை, நீங்க ஒரே வாரத்துல மூச்சு வாங்கியே கெடுத்துட்டீங்க."

மச்சான் எழுந்து நின்றார்.

"இருபத்திரண்டு கனமீட்டருக்குக் கணக்குப் போட்டா, வெளியீடு வரம்புல நூத்துக்கு எழுபத்தெட்டுதான். நீங்க முப்பத்தொண்ணு இழுத்ததால நூத்திப்பத்து ஆயிடுச்சு. தூண் சட்டத்தை மீறல. நீங்கதான் அதை மீற வெச்சுட்டீங்க."

"காத்து தானா வருதுங்க."

"காத்து தானா வருது, சரி. மூச்சை யார் இழுத்தது?"

மச்சான் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். அவர்தான் இழுத்திருந்தார்.

"ஐயா, என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க," என்றார். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. பாப்பா ஒரு மாசமா வீட்டுக்குள்ளயே கிடக்கறா. இன்னிக்கு அவ வெளிய விளையாடலாமா?"

இயக்குநர் முகத்தில் முதன்முறையாக உண்மையான வருத்தம் தெரிந்தது.

"இன்னிக்குன்னு ஒரு நாள் எங்ககிட்ட இல்ல. எங்ககிட்ட வருஷம்தான் இருக்கு. இந்த வருஷம் முழுக்க விளையாடலாமான்னு அடுத்த வருஷம் கேளுங்க, சராசரியாச் சொல்றோம்."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. கணக்கதிகாரி இருக்கையில் நெளிந்துகொண்டிருந்தார். பத்தொன்பது வருடப் பழக்கம், கணக்கு ஒரு பக்கம் தொங்கினால் அவருக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

"ஐயா, இழுத்ததை அவர் வெளிய விடவும் செய்யறாரே?"

அதுவரை யாரும் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. தூணிலிருந்து வந்ததை மச்சான் உள்ளே இழுத்து, ஒரு குழாய் வழியாக, அழுத்தத்துடன், பொது இடங்களில், அனுமதியில்லாமல் வெளியேற்றிக்கொண்டிருந்தார். பத்தே நிமிடத்தில் அவருடைய டிரம்பெட் 'வெளியீட்டு முனை எண் மூன்று' என்று பதிவாகியது. முதல் இரண்டும் நிலையத்தினுடையவை. அவற்றுக்கு இருந்த எல்லா நிபந்தனைகளும் இதற்கும் பொருந்தும் என்று உத்தரவில் இருந்தது. எனக்குத் தெரிந்து ஒரு வித்தியாசம்: மச்சானை அளக்க வெளியாள் வந்தார்.

அடுத்த வாரம் ஒரு துணிக்கடைத் திறப்பு. மச்சானின் டிரம்பெட் வாயில் வட்டமான ஃபில்டர் தாள், அதன்மேல் கம்பி வலை, சுற்றி ரப்பர் வளையம். பெட்டிக்காரர் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்து, மச்சானைத் தோளைப் பிடித்துத் திருப்பி வைக்க வேண்டும். நல்ல நேரம் வந்தபோது காற்று மாறிவிட்டதால் மச்சான் கடைக்கு முதுகைக் காட்டி, எதிர்க்கடையைப் பார்த்து ஊதினார். சத்தம் சளி பிடித்தவன் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல வந்தது. எதிர்க்கடைக்காரர் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் மாஸ்டர், பேண்டு செட்டுக்குச் சொந்தக்காரர், மச்சானைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்குத் தாளத்தட்டு அடிங்க தம்பி," என்றார். பதினேழு வருடமாக ஊதியவர் டிரம்பெட்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். நான் டிரம்மின் வாரை அவிழ்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

தாளத்தட்டு அடிப்பவருக்கு மூச்சு அதிகம் வேண்டாம். மறுபடி எண்ணியபோது சரியாக இருபத்திரண்டு கனமீட்டர் வந்தது. கணக்கதிகாரி போன் செய்து வாழ்த்தினார். கணக்கும் மனிதரும் ஒன்றானதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். பால் பழகிக்கொள்ள முடியுமா என்றும் விசாரித்தார். மாடியில் மஞ்சள் எரிந்துகொண்டேயிருந்தது. பாப்பா ஜன்னலில் நின்றுகொண்டேயிருந்தாள். இப்போதெல்லாம் அவள் வெளியே போகலாமா என்று கேட்பதைக்கூட விட்டிருந்தாள். தங்கைக்கு அதுதான் தாங்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. விதிமுறைப்படி சான்று மனிதர் கற்பனையானவராக இருக்க வேண்டும் என்றும், அந்த இடத்தில் நிஜ மனிதர் ஒருவர் வசிப்பது ஆணையத்தின் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், இது கணக்கின் தூய்மையைப் பாதிப்பதாகவும் அதில் கண்டிருந்தது. ஆகவே சான்று மனிதர் உடனடியாக நான்காவது கூறுக்குக் குடிமாற்றப்படுகிறார்.

நான்காவது கூறில் எங்களுக்குத் தெரிந்து ஏரிதான் இருக்கிறது. அதன் நடுவில் நின்றுகொண்டு அவர் இனிமேல் கீரை வளர்ப்பார், பால் குடிப்பார். அந்தப் பக்கம் காற்று அடிப்பது அபூர்வம் என்பதால் வெளியீடு வரம்பில் நூற்றுக்குப் பன்னிரண்டாகக் குறைந்துவிட்டது என்று கடிதத்தின் கடைசியில் மகிழ்ச்சி தெரிவித்திருந்தார்கள். மிச்சமுள்ள எண்பத்தெட்டைப் பயன்படுத்திக்கொள்ள நிலையம் விண்ணப்பித்திருக்கிறதாம்.

பெட்டிக்காரர் பெட்டியைக் கழற்ற வந்தார். நான் மாடியிலிருந்து இறக்க ஒரு கை கொடுத்தேன். ஒயரைப் பிடுங்கியதும் முனகல் நின்றது. மஞ்சளும் அணைந்தது.

"இனிமே இங்க அளக்க மாட்டீங்களா?" என்றார் மச்சான்.

"கணக்குப்படி இங்க யாரும் இல்ல சார்."

"நாங்க இருக்கோமே."

"நீங்க இருக்கீங்க," என்று ஒப்புக்கொண்டார் பெட்டிக்காரர். "நான் இல்லன்னு சொல்லல."

பாப்பா வாசற்படியில் வந்து நின்றாள். "அப்பா, மஞ்சள் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அப்ப நான் போலாமா?"

மச்சான் தங்கையைப் பார்த்தார். தங்கை பெட்டிக்காரரின் ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஆணையம் கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க. உங்க பிள்ளையா இருந்தா வெளிய விடுவீங்களா?"

அவர் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதையே மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

"நாங்க வீடு மாத்திட்டோம்மா," என்றார் தலையைத் தூக்காமல். "போன வருஷமே. ஆபீஸ் பக்கத்துல."

அவர் போன பிறகு கேட்பதற்கு இனி ஆள் இல்லை. போன் எண் இருக்கிறது, ஆனால் எந்த விளக்கைச் சொல்லித் தொடர்புகொள்வது? நாங்கள் மூன்று பேர் பெரியவர்கள் அங்கே நின்றுகொண்டிருந்தோம். பாப்பா எங்களை ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தாள். யாராவது ஒருவர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அரை மணி நேரம்," என்றார் மச்சான்.

பாப்பா சைக்கிளைக்கூட எடுக்கவில்லை. அப்படியே ஓடினாள்.

"அதென்ன அரை மணி நேரம்?" என்றாள் தங்கை. "எந்தக் கணக்கு அது?"

"தெரியல."

"ஏன், ஒரு மணி நேரம்னா ஆகாதா? கால் மணி நேரம்னா ஆகாதா?"

"தெரியலம்மா," என்றார் மச்சான். "ஏதோ ஒண்ணு சொல்லணுமேன்னு சொன்னேன்."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மச்சான் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முற்றத்தில் பாப்பா மரத்தைச் சுற்றி ஓடினாள், விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள், மூச்சு வாங்க நின்று சிரித்தாள். அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் எங்கள் மூன்று பேருக்கும் நெஞ்சு ஒரு நொடி நின்று போயிற்று.

அரை மணி ஆனது. "பாப்பா, வா," என்று கூப்பிட்டார்.

அவள் ஓடிவந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து அந்த முகத்தில் வியர்வை. "இன்னும் அஞ்சு நிமிஷம்பா. அஞ்சே அஞ்சு நிமிஷம்."

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரி," என்றார்.